போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் எழுதிய நூல்கள்: பெரியப்பாவுக்கு எதைக் கொடுக்கலாம்?

நொய்யல் வாசகி

நண்பர்களுக்கு வணக்கம். என் பெரியப்பா விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, சூலூரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். எழுபத்தெட்டு வயதாகிறது. சென்ற மாதம் இரண்டாவது கண்ணுக்கும் புரை நீக்கிய பிறகு, பல ஆண்டுகளாக விட்டுப்போயிருந்த வாசிப்பை மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சண்டையில் இருந்தவனே எழுதிய புத்தகம் வேண்டும், சண்டையை ஆராய்ந்தவன் எழுதியது வேண்டாம்.

நான் முதலில் வாங்கிக் கொடுத்தது 1971 போரைப் பற்றிய ஒரு தடித்த வரலாற்று நூல். அம்புக்குறி போட்ட வரைபடங்கள் நிறைந்த அந்த நூலைப் பத்துப் பக்கம் படித்துவிட்டு, "இதில் யாருக்கும் குளிரவே இல்லையே, அம்மணி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த டிசம்பரில் அவர் வடக்கே ஒரு முன்னணித் தளத்தில் நேட் என்ற சிறிய போர் விமானங்களுக்கு வேலை பார்த்தவர். டார்ச் கண்ணாடியில் கார்பன் தாளை ஒட்டிக்கொண்டு, அந்த மங்கிய வெளிச்சத்தில் போல்ட்டுகள் கழன்றுவிடாமலிருக்க லாக்கிங் வயர் என்ற கம்பியை முறுக்கியதையும், இரும்பு ஸ்பேனரைத் தொட்டால் விரல் மரத்துப்போனதையும் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவ்வளவு கிட்டத்தில் நின்று எழுதப்பட்ட நூல்களாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் அவருக்குத் தடையில்லை. பணியில் படித்ததெல்லாம் ஆங்கிலக் கையேடுகள்தாம். தமிழில் இருந்தால் இன்னும் மகிழ்வார்.

பவானி ஆசிரியர்

முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் முதலில் வந்து நிற்கிறேன். பர்மாவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உலகப் போர்களில் நம் மக்களின் கால் அதிகம் பதிந்த மண் அது.

ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேசர் எழுதிய 'குவார்ட்டர்டு சேஃப் அவுட் ஹியர்' 1992ல் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் பார்டர் ரெஜிமெண்டின் சாதாரணப் படைவீரனாக, 17வது இந்திய டிவிஷனோடு 1945ல் மெய்க்டிலாப் பக்கம் நடந்தவர் அவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எழுதும்போது, தமக்கு நினைவிருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான காட்சிகளே என்றும், அவை எந்த நாளில் எந்த ஊரில் நடந்தன என்பதை நிலைநிறுத்தப் போர் வரலாற்று நூல்களின் துணையைத் தேடியதாகவும் ஒளிக்காமல் சொல்கிறார். தம் பிரிவின் வீரர்கள் பேசிய வட இங்கிலாந்துக் கிராமத்துப் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கியிருப்பதுதான் அந்நூலின் உயிர். 1942ல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் நம் கொங்குப் பேச்சை அச்சேற்றியதை நினைத்துக்கொண்டால் அதன் அருமை விளங்கும்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பிரிவில் ஒருவன் இறந்துவிடுகிறான். அன்று மற்றவர்கள் அமர்ந்து, அவனுடைய படைத்தளவாடங்களைத் தரையில் பரப்பி, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாசிப்பில் இது கல்மனம் போலத் தோன்றும். இழவு வீட்டில் இறந்தவரின் வேட்டியைப் பங்காளிகள் எடுத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை விளக்க அவர் எழுதியிருக்கும் வரிகள் தேவைப்படவே இல்லை.

அதே பர்மாவை மேலிருந்து பார்த்தவர் 14வது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம். 1956ல் வெளிவந்த அவருடைய 'டிஃபீட் இன்டு விக்டரி' தளபதிகளின் நூல்களில் தனி வகை. தம் கணிப்புத் தவறியதால் கோகிமாவில் நேர்ந்திருக்கக்கூடிய விபரீதத்தைத் தம் வீரர்களின் பிடிவாதமே தடுத்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெரியப்பா 'இவருக்கும் குளிரவில்லை' என்று சொல்லக்கூடும், ஆனால் வியர்த்திருக்கிறது. 1942ல் அவர் படையோடு பின்வாங்கியதைப் படிக்கும்போது, அதே ஆண்டில் ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு நடந்து இந்தியா வந்த வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போர்வீரர் அல்லர், பத்திரிகையாசிரியர். ஆனாலும் படை பின்வாங்கும் நாட்டில் குடிமக்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தமிழில் அதைவிடச் சிறப்பாகச் சொன்ன நூலை நான் வாசித்ததில்லை.

பீளமேடு பட்டறைக்காரன்

விமானப்படைக்காரருக்கு முதலில் காலாட்படைப் புத்தகத்தை நீட்டியிருக்கிறார் ஆசிரியர் ஐயா! நான் விமானிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்கு செசில் லூயிஸின் 'சாஜிட்டேரியஸ் ரைசிங்', 1936. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த பையன் அவர். 1916 ஜூலை 1 காலையில், சோம் போர் தொடங்கும் நேரத்தில், ஜெர்மானியப் பதுங்குகுழிகளுக்கு அடியில் புதைத்திருந்த வெடிமருந்து வெடித்ததை விமானத்திலிருந்து பார்த்தவர். மண் தூண் ஒன்று ஏறத்தாழ நான்காயிரம் அடி உயரத்துக்கு எழுந்து நின்றதாக எழுதுகிறார். கீழே நின்ற எவராலும் அதை அப்படி எழுத முடியாது. அந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு ஜெஃப்ரி வெல்லமின் 'ஃபர்ஸ்ட் லைட்'. பதினெட்டு வயதில் 92வது ஸ்குவாட்ரனில் சேர்ந்து ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர். அச்சில் வந்தது 2002ல்தான். அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருந்தது. எத்தனை விமானங்களை வீழ்த்தினேன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நூலன்று அது. காலையில் தொலைபேசி மணி அடிக்கும்வரை காத்திருக்கும்போது வயிறு படும் பாடும், மாதங்கள் செல்லச்செல்ல ஓர் இளைஞன் உள்ளுக்குள் தேய்ந்துபோவதும்தான் அதில் இருக்கின்றன. மால்டாவுக்குப் போனபின் உடலும் மனமும் இனி முடியாது என்று நின்றுவிட்டதை அவர் மறைக்கவில்லை.

இந்திய விமானப்படைக்கு, 1971ல் தலைமைத் தளபதியாக இருந்த பி.சி. லாலின் 'மை இயர்ஸ் வித் தி ஐ.ஏ.எஃப்.' உண்டு. 1982ல் அவர் மறைந்த பிறகு, துணைவியாரின் முயற்சியால் 1986ல் வெளிவந்தது. 1965ல் தரைப்படையும் விமானப்படையும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளாமல் போரிட்டதைத் தயங்காமல் சொல்கிறது. பெரியப்பாவுக்குத் தெரிந்த உலகம்தான், ஆனால் அலுவலக மேசைப் பக்கமிருந்து பார்த்தது.

சென்னிமலைத் தறி

'குட்டி இளவரசன்' தமிழில் பலரும் வாசித்த நூல். அதை எழுதிய அந்த்வான் து செந்த் எக்சுபெரி போர் விமானியும்கூட என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1940 மே மாதம், பிரான்சு சரிந்துகொண்டிருந்தபோது, 2/33 என்ற உளவுப் பிரிவில் அவர் பறந்தார். இருபத்து மூன்று விமானக் குழுக்களில் பதினேழு சில வாரங்களில் அழிந்துபோயிருந்த நிலையில், யாருக்கும் பயன்படப் போவதில்லை என்று தெரிந்த ஒரு தகவலைச் சேகரிக்க அராஸ் நகரின் மேல் பறக்கச் சொன்னார்கள். அந்த ஒற்றைப் பயணம்தான் 1942ல் வெளிவந்த 'ஃப்ளைட் டு அராஸ்'.

பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகள் உறைந்து, காலால் மிதிக்கும் சுக்கான் அசைய மறுக்கிறது. பெரியப்பா கேட்ட குளிர் இந்நூலில் தாராளமாக இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை ஒன்று: நூலின் பிற்பகுதியில் சண்டை நின்றுவிடுகிறது, தத்துவம் தொடங்கிவிடுகிறது. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் பொறுமை போய்விடலாம். எனக்கும் முதல் முறை போய்விட்டது.

1944 ஜூலை 31 அன்று உளவுக்குப் புறப்பட்ட அவர் திரும்பவில்லை. அவருடைய விமானத்தின் சிதைவுகள் மார்செய் அருகே கடலுக்கடியில் கிடந்தது 2004ல்தான் உறுதியாயிற்று.

தாராபுரம் வழக்கறிஞர்

நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கேட்டே நரைத்தவன் என்பதால், யாரும் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 'இருந்தவனே எழுதியது' என்பது மட்டும் ஒரு நூலை நம்பப் போதுமானதன்று.

காய் சஜேர் என்ற பெயரில் 1960களில் வெளிவந்த 'தி ஃபர்காட்டன் சோல்ஜர்' கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் படையில் போரிட்ட ஒரு பிரெஞ்சு வாலிபனின் கதை. உலகம் முழுவதும் விற்றது. பிறகு படைவரலாறு தெரிந்தவர்கள் ஒரு சிறிய பிழையைப் பிடித்தார்கள்: அவர் சேர்ந்திருந்ததாகச் சொல்லும் கிராஸ்டாய்ச்லாந்து பிரிவினர் பெயர்ப்பட்டையை வலது கையில் தைத்திருப்பார்கள், அவரோ இடது கை என்று எழுதியிருந்தார். பெருமையோடு தைத்துக்கொண்ட பட்டை எந்தக் கையில் இருந்தது என்பதை ஒருவன் மறப்பானா என்று அவர்கள் கேட்டார்கள். குறுக்கு விசாரணையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஜப்பானிய விமானி சபுரோ சக்காயின் பெயரால் 1957ல் ஆங்கிலத்தில் வந்த 'சாமுராய்' இன்னொரு வகை. 1942 ஆகஸ்டில் குவாடல்கனாலுக்கு மேலே தலையில் குண்டடிபட்டு, ஒரு கண் பார்வை போய், ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தனியாகப் பறந்து ரபாவுல் திரும்பியது உண்மை. அதற்கு வேறு சாட்சியங்களும் உள்ளன. ஆனால் ஆங்கில நூலை எழுத்தாக்கியவர் மார்ட்டின் கெய்டின் என்ற அமெரிக்கர். அதில் சொல்லப்படும் அறுபத்து நான்கு விமானங்கள் என்ற கணக்கை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. பேட்டி கொடுத்தவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர் என்னும்போது, வாக்குமூலத்தில் எது சாட்சியுடையது, எது எழுத்தருடையது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

நான் எடைபோடும் முறை இது. எந்த நேரத்தில் எது நடந்தது என்று நிமிடக் கணக்கோடு ஒப்பிக்கும் சாட்சி எனக்கு எப்போதும் உறுத்தும். 'மழை பெய்தது தெரியும், மணி தெரியாது' என்பவரை நம்புவேன். ஃப்ரேசர் இந்த வகை என்று ஆசிரியர் ஐயா சொன்னது என்னைக் கவர்ந்தது. அதற்கடுத்து, அன்றே குறித்துவைத்த காகிதம் ஏதேனும் உண்டா என்று பார்ப்பேன். எர்ன்ஸ்ட் யுங்கர் முதல் உலகப் போர் முழுவதும் நாட்குறிப்பு வைத்திருந்தவர். அதை வைத்து 1920ல் 'ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்' எழுதினார். ஆனால் பின்வந்த பதிப்புகளில் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார். பதினான்கு முறை காயம்பட்ட மனிதர் போரை வெறுக்காமல் எழுதியிருக்கிறார் என்பது பலரைத் துன்புறுத்தும். என்னையும் துன்புறுத்தியது. எனினும் பொய் சொல்கிறார் என்று ஓரிடத்திலும் தோன்றவில்லை.

திருப்பூர் பனியன்

வழக்கறிஞர் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. எங்கள் வீட்டில் எல்லாரும் படித்த போர்விமானிக் கதை, சோவியத் பதிப்பாக மலிவு விலையில் கிடைத்த 'உண்மை மனிதனின் கதை'. பரீஸ் பொலெவோய் எழுதியது. சுட்டு வீழ்த்தப்பட்டு, நொறுங்கிய கால்களோடு பதினெட்டு நாட்கள் பனிக்காட்டில் தவழ்ந்து வந்து, இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்ட பின் பொய்க்கால்களோடு மீண்டும் போர் விமானம் ஓட்டிய அலெக்சேய் மரேசியெவ் என்ற உண்மையான விமானியின் வாழ்க்கை. நாவல்தான், நினைவுநூலன்று என்பது தெரியும். ஆனால் தமிழில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களே! உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் சோவியத் பதிப்பே அகப்படும். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலும் கேட்டுப் பாருங்கள்.

பவானி ஆசிரியர்

வழக்கறிஞர் அவர்களுக்கு ஒரு மறுப்பு. சஜேர் பட்டையின் கையை மாற்றிச் சொன்னார், உண்மை. என் திருமணத்தன்று நான் கட்டியிருந்த வேட்டியின் கரை சிவப்பு என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். புகைப்படத்தை வண்ணமாக்கித் தந்த பேரன் அது பச்சை என்கிறான், என் துணைவியாரும் பச்சை என்கிறார். அதற்காகத் திருமணம் நடக்கவில்லை என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

தாராபுரம் வழக்கறிஞர்

புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டியவர் சாட்சியாக மாட்டார், ஐயா. ஆனால் துணைவியாரின் சாட்சியம் செல்லும்.

கோபி சுபேதார்

மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபத்தாறு ஆண்டுகள். இப்போது கோபிக்கு வடக்கே இரண்டு ஏக்கரில் மஞ்சளும் கரும்பும். இங்கே அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி.

இந்தியத் தரைப்படையினர் எழுதியவற்றில், அந்தப் பெரியவருக்குப் பிரிகேடியர் ஜான் டால்வியின் 'ஹிமாலயன் பிளண்டர்' நூலைக் கொடுங்கள். 1969ல் வெளிவந்தது. 1962ல் நம்கா சு ஆற்றங்கரையில் 7வது பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அக்டோபர் 20ஆம் தேதி சீனத் தாக்குதல் தொடங்கி இரண்டு நாட்களில் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம்தான் திரும்பினார். பருத்திச் சீருடையோடும் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களோடும் வீரர்களைப் பத்தாயிரம் அடிக்கு மேலே நிறுத்தியதையும், விமானத்திலிருந்து போட்ட பொருட்கள் பள்ளத்தாக்கில் விழுந்து கைக்கு எட்டாமல் போனதையும் கோபத்தோடு எழுதுகிறார். கோபம் சில இடங்களில் நூலின் போக்கைக் கெடுக்கிறது. டெல்லியைத் திட்டும் அத்தியாயங்களை விட்டுவிட்டு, ஆற்றங்கரைப் பக்கங்களை மட்டும் படித்தாலும் போதும். சோறு வராத, சாக்ஸ் வராத, தந்தி மட்டும் தவறாமல் வந்த பக்கங்கள் அவை.

அடுத்ததைத் தயக்கத்தோடு சொல்கிறேன். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்த அமைதிப்படையில் நானும் ஒருவன். அதைப் பற்றி எங்கள் அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். 54வது டிவிஷனின் தளபதியாக அங்கே சென்ற ஹர்கிரத் சிங் எழுதிய நூல் 2007ல் வந்தது. யாருடைய உத்தரவு தவறு என்ற வழக்கே அதில் அதிகம். தெருவில் நின்றவன் எழுதிய நூல் என் கைக்கு வரவில்லை, நானும் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு சோதனைச் சாவடியில் ஒரு கிழவி என் தமிழைக் கேட்டுவிட்டு, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். கோபி என்றேன். "படம் எடுக்கிற ஊரோ?" என்றார். ஆம் என்றேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் அவருடைய பையைத் திறக்கவில்லை. பைக்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தப் போரின் மறுகரையிலிருந்து வந்த நூலையும் நான் வாசித்தேன். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்'. 2015 அக்டோபரில் அவர் புற்றுநோயால் இறந்தபின், 2016ல் காலச்சுவடு வெளியிட்டது. எழுதியவர் இல்லாத நிலையில் வந்ததால், எல்லாம் அவருடைய சொற்கள்தாமா என்ற தகராறும் கூடவே வந்தது. வழக்கறிஞர் தம்பிக்கு வேலை இருக்கிறது. ஆனால் இறுதி நாட்களைச் சொல்லும் பக்கங்களில் தோற்றவரின் குரல் இருக்கிறது. தம் தரப்பின் தவறுகளை அவர் அடுக்கும்போது அதில் பழிபோடும் தொனி இல்லை. எனக்கு எதிரே நின்ற படையின் நூல் அது. தூக்கம் கெட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனைமலைச் செவிலி

சுபேதார் ஐயாவின் பதிவுக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. என்றாலும், போர்க்களத்துக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனையை யாரும் சொல்லவில்லை என்பதால் வருகிறேன். தீக்காயப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்.

ரிச்சர்ட் ஹிலரியின் 'தி லாஸ்ட் எனிமி' 1942ல் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த, கொஞ்சம் திமிர் பிடித்த, அழகான ஸ்பிட்ஃபயர் விமானி. 1940 செப்டம்பர் 3 அன்று விமானத்தோடு எரிந்து கடலில் விழுகிறார். முகமும் கைகளும் கருகிப்போய்விட்டன. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ அவருக்குப் புதிய இமைகளை ஒட்டவைக்கிறார். கடலில் விழுந்த விமானிகளின் தீக்காயம் மற்றவர்களுடையதைவிட நன்றாக ஆறுவதைக் கவனித்து, அக்காலத்தில் எல்லாரும் பூசிய டானிக் அமிலத்தைக் கைவிட்டு, உப்புநீர்க் குளியலைக் கொண்டுவந்தவர் அந்த மருத்துவர். இமை இல்லாத கண்ணோடு தூங்குவது எப்படியிருக்கும் என்பதை நோயாளிகளிடம் கேட்க எனக்கு ஒருநாளும் மனம் துணிந்ததில்லை. ஹிலரியை வாசித்த பிறகு, ஈரத்துணியை மாற்றும் நேரத்தைத் தள்ளிப்போடுவதை விட்டுவிட்டேன். நூல் வெளிவந்த மறு ஆண்டு ஜனவரியில், சரியாக ஆறாத கைகளோடு இரவுப் பயிற்சிக்குப் போய் விமானம் விழுந்து அவர் இறந்தார்.

தரைப்படைக்கு யூஜின் ஸ்லெட்ஜின் 'வித் தி ஓல்ட் பிரீட்', 1981. பெலெலியு, ஒக்கினாவா தீவுகளில் போரிட்ட அமெரிக்க மரைன் வீரர். சட்டைப்பையிலிருந்த புதிய ஏற்பாட்டுக்குள் துண்டுத் தாள்களில் குறிப்பெழுதி வைத்துக்கொண்டவர் என்பதால் வழக்கறிஞர் ஐயாவின் தராசில் நிற்பார். பெலெலியுவின் பவளப்பாறையில் குழி தோண்ட முடியாது. கழிப்பறைக்கும் குழி இல்லை, பிணத்துக்கும் குழி இல்லை. அந்த வெயிலில் குடிக்க வந்த தண்ணீர், எண்ணெய் இருந்த பீப்பாய்களைச் சரியாகக் கழுவாமல் நிரப்பியது. இறந்த எதிரியின் தங்கப்பல்லைப் பிடுங்க அவரே குனிகிறார். படை மருத்துவ உதவியாளர், கிருமி தொற்றும் என்று ஏதோ காரணம் சொல்லித் தடுத்துவிடுகிறார். கிருமி ஒரு சாக்குத்தான் என்பது அவருக்குப் பிறகுதான் புரிகிறது. அந்த உதவியாளர் செய்ததுதான் எங்கள் தொழில்.

நொய்யல் வாசகி

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். 'ஃபர்ஸ்ட் லைட்' முதலில் கிடைத்ததால் அதைக் கொடுத்தேன். நான்கு நாளில் முடித்துவிட்டார்.

புத்தகம் திரும்பி வந்தபோது ஓரங்களில் பென்சில் குறிப்புகள். தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பிட்ஃபயரின் என்ஜின் சூடேறிவிடும் என்ற செய்தி வரும் இடத்தில், 'ரேடியேட்டருக்குக் காற்று போகாது, நிற்கவிடக்கூடாது' என்று எழுதியிருக்கிறார். இன்னோரிடத்தில் ஒரே சொல்: 'யார்?' எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"இந்தப் பையன் விடிகாலையில் வந்து ஏறுகிறான். என்ஜின் சூடேறித் தயாராக இருக்கிறது. யார் சூடேற்றியது?" என்றார். விமானம் பறக்கத் தகுதியானது என்று எஃப் 700 படிவத்தில் ஃபிட்டர் கையெழுத்துப் போட்ட பிறகே விமானி கையெழுத்துப் போடுவாராம். போட்டுவிட்டு விமானி மேலே போய்விடுவார். போட்டவன் ஓடுபாதையின் ஓரத்தில் நின்று, போனவற்றை எண்ணி வைத்துக்கொண்டு, வருகிறவற்றை எண்ணுவானாம். ஒன்று குறைந்தால், எதிரி சுட்டான் என்று செய்தி வரும்வரை, தான் முறுக்கிய கம்பிகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் திரும்ப முறுக்கிப் பார்ப்பானாம். "சுட்டுத்தான் விழுந்தது என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும். அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்துப் பிறகு அழுகை வரும்" என்றார். இத்தனை ஆண்டுகளில் வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றுவிட்டார்.

அதனால் என் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். தரையில் நின்றவர்கள் எழுதிய நூல் உண்டா?

பீளமேடு பட்டறைக்காரன்

வெல்லமின் நூலைப் பரிந்துரைத்தவன் நான். என் தொழிலே லேத்தும் டிரில்லிங்கும்தான் என்றாலும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பணிமனையை நடத்தியது. கடலே இல்லாத ஊரில் இருந்தாலும், கடற்படை வழக்கப்படி அதற்கும் கப்பலின் பெயர்தான்: எச்.எம்.எஸ். கருடா. சூலூர்த் தளத்துக்கும் அப்போது எச்.எம்.எஸ். வைரி என்று பெயர் இருந்தது. என் அப்புச்சி பதினாறு வயதில் கருடாவில் எடுபிடியாகச் சேர்ந்து, ரிவெட் அடிக்கக் கற்றுக்கொண்டு வெளியே வந்ததாகச் சொல்வார். எங்களிடம் மிஞ்சியிருப்பது, கழிக்கப்பட்ட விமானத் தகட்டில் அவர் செய்துகொண்ட ஒரு வெற்றிலைப்பெட்டி. மூடியின் உட்பக்கம் இன்னும் பச்சை வண்ணம் ஒட்டியிருக்கிறது. எந்த விமானம், எங்கே அடிபட்டு வந்தது, யார் ஓட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று உங்களுக்குப் பரிந்துரைக்க ஒரு நூல் இருந்திருக்கும்.

தாராபுரம் வழக்கறிஞர்

சகோதரி, பெரியப்பாவை எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வெள்ளைத்தாளைக் கொடுத்தால் நல்ல சாட்சிகூட 'நான் பிறந்தது' என்று தொடங்கி வழிதவறிவிடுவார். மற்றவர்களின் நூல்களைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓரத்துப் பென்சில் குறிப்புகள் போதும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தேதி போடச் சொல்லுங்கள்.

கோபி சுபேதார்

ஃப்ரேசரின் நூல் என்னிடம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பிரதி. வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கச் சிங்காநல்லூர் வருகிறேன். அப்படியே சூலூர் வந்து பெரியவரின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதில் மட்டும் பென்சிலால் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நொய்யல் வாசகி

சொன்னேன், ஐயா. காலாட்படைப் புத்தகத்தில் எழுதத் தமக்கு ஒன்றும் இருக்காது என்கிறார். ஆனாலும் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறார்.

கோபி சுபேதார்

சரி, எழுதட்டும். மதிய உணவு வேண்டாம், காப்பி போதும்.